டிஷ்ஷில் பதிந்ததை டிவிடி ஆக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஊர்க் காமன் கூத்தை டிவியில் காட்டினார்கள், அல்லது கோயில் தேர் நேரலையில் வந்தது. டிஷ் பாக்ஸில் பதிந்தும் ஆயிற்று. ஆனால் நம் இலங்கை மலையகத் தோட்டத்தின் மேல் டிவிஷனில் இருக்கும் தாத்தா வீட்டில் பழைய டிவிடி பிளேயர்தான் இருக்கிறது. டிஸ்க்காகக் கொடுத்தால்தான் பார்ப்பார். இரண்டு மூன்று டிஸ்க் வீணானதும் பழி கடைக்காரர் தந்த வெற்று டிஸ்க் மேல் விழும். அந்தப் பழி அனேகமாக நியாயமில்லாதது. டிஸ்க்கை டிரைவில் போடுவதற்கு வெகு முன்பே, பதியும்போதோ கோப்பைத் தயார் செய்யும்போதோ, காரியம் கெட்டிருக்கும்.

முதலில் எந்த பாக்ஸில் பதிந்தீர்கள் என்று பாருங்கள். மாதச் சந்தா கட்டும் பாக்ஸ் பதிகிற கோப்பு பெரும்பாலும் பூட்டப்பட்டிருக்கும். அதே பாக்ஸில் மட்டுமே ஓடும். அந்த ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி விண்டோஸ் கம்ப்யூட்டரில் செருகினால், 'ஃபார்மட் செய்யவா?' என்று கேட்கும். கம்ப்யூட்டருக்குப் புரியாத முறையில் பாக்ஸ் எழுதி வைத்திருப்பதால் வரும் கேள்வி அது. அவசரத்தில் 'ஆம்' என்று அழுத்தினால் பதிந்தவை மொத்தமும் கையை விட்டுப் போகும். 'இல்லை' என்று சொல்லி, கழற்றி, திரும்ப பாக்ஸிலேயே மாட்டுங்கள்.

இந்த வகை பாக்ஸுக்கு நேர்வழி, பின்னால் இருக்கும் மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஏவி துளைகள்தான். அதிலிருந்து வயர் எடுத்து, வரும் படத்தைக் கம்ப்யூட்டரில் பதியும் யூஎஸ்பி கேப்சர் ஸ்டிக்குக்கோ தனி டிவிடி ரெக்கோர்டருக்கோ கொடுத்து, நிகழ்ச்சியை முழு நேரமும் ஓட விட்டுப் பிடிக்க வேண்டும். எச்டிஎம்ஐ வயரில் பிடிக்கப் போனால் காப்புப் பூட்டு காரணமாகக் கறுப்புத் திரைதான் பதிவாகும். கேப்சர் ஸ்டிக்கை ஹப்பில் செருகாமல் கம்ப்யூட்டரிலேயே நேரடியாகச் செருகுங்கள். ஹப்பில் செருகினால் இடையிடையே சில ஃப்ரேம்கள் (தனித்தனிப் படங்கள்) தவறிப்போகும். மென்பொருளில் இலங்கை டிவி முறையான பால் பி (PAL B), 720க்கு 576 புள்ளி, நொடிக்கு 25 ஃப்ரேம், ஒலி 48,000 ஹெர்ட்ஸ் என்று வையுங்கள். ஒலி 44,100 என்று இருந்தால் டிவிடிக்காகப் பிறகு மாற்ற வேண்டி வரும். வெள்ளை வயரை மட்டும் குத்தினால் ஒரு பக்க ஸ்பீக்கர்தான் பேசும்.

இலவசச் சேனல்களுக்கான ஃப்ரீ டு ஏர் பாக்ஸில் இந்தத் தொல்லை இல்லை. அது பென் டிரைவில் டிஎஸ் (.ts) கோப்பாக, ஒளிபரப்பு வந்த வடிவிலேயே, பூட்டில்லாமல் எழுதும். இனிச் சொல்வதில் பெரும்பகுதி அதைப் பற்றியது. வீட்டில் பார்க்க ஒரு பிரதி எடுப்பது வேறு, அதையே அடுக்கிக் கடையில் விற்பது வேறு என்பதையும் சொல்லிவிட வேண்டும். விற்பனைக்குப் பிரதி எடுத்தால் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் குறுக்கே வரும்.

அடுத்தது மழை. டிஷ்ஷுக்குச் சேனல்கள் வரும் கேயூ அலைவரிசையை அடைமழை விழுங்கிவிடும். வட்டவளை, கினிகத்தேனை, ஹட்டன் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று. பதுளை, பண்டாரவளைப் பக்கம் ஆண்டுக் கடைசி மாதங்களில் கனமழை. டிவியில் பார்க்கும்போது இரண்டு நொடி கட்டம் கட்டமாக உடைந்தால் நாம் பொருட்படுத்துவதில்லை. பதிவில் அதே இரண்டு நொடி, பின்னால் சொல்லப் போகும் பெரிய தலைவலிக்கு விதை. பாக்ஸ் மெனுவில் சிக்னலின் பலத்தைக் காட்டும் ஸ்ட்ரெங்த் கோட்டைப் பார்த்து ஏமாறாமல் அதன் தரத்தைக் காட்டும் குவாலிட்டி கோட்டைப் பாருங்கள். வெயில் நாளில் அது எவ்வளவு காட்டுகிறது என்று குறித்து வைத்தால், மழை இல்லாமலே அது குறையும்போது டிஷ் அசைந்துவிட்டது அல்லது கேபிள் மூட்டில் தண்ணீர் இறங்கிவிட்டது என்று தெரியும்.

'எதிர்மலை மறைக்கிறது' என்பது இங்கே அடிக்கடி சொல்லப்படும் சாட்டு. 83, 93.5 பாகை கிழக்கு நெட்டாங்கில் நிற்கும் செய்மதிகள் நமக்கு அடிவானிலிருந்து 70 பாகைக்கு மேல், ஏறக்குறைய தலைக்கு நேரே நிற்கின்றன. மலை அவ்வளவு உயரத்துக்கு வராது. லயத்துக்குப் பின்னால் ஓங்கி வளர்ந்த மரக்கிளை வரும். பெரிய கிண்ண டிஷ் அதே காரணத்தால் மல்லாந்து கிடக்கும். அடியில் உள்ள துளையை இலை அடைத்தால் தண்ணீர் தேங்கிவிடும்.

பதியும் பென் டிரைவும் காலை வாரும். மலிவான பென் டிரைவ் எழுதும் வேகம் நடுவில் தொய்ந்தால் பதிவில் வெட்டு விழும். யூஎஸ்பி ஹார்ட் டிஸ்க் என்றால், சுழலத் தொடங்கும்போது அது கேட்கும் மின்சாரத்தைப் பல பாக்ஸ்களால் கொடுக்க முடிவதில்லை; தனி அடாப்டர் உள்ளது நல்லது. பதிவை ரிமோட்டில் நிறுத்தாமல் பென் டிரைவைப் பிடுங்காதீர்கள். டைமரில் 5 நிமிடம் முன்னும் 10 நிமிடம் பின்னும் சேர்த்து வையுங்கள். நேரத்துக்குத் தொடங்கும் நிகழ்ச்சிகள் குறைவு.

பென் டிரைவ் ஃபேட்32 முறையில் இருந்தால் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது, ஆகவே பாக்ஸ் துண்டு துண்டாக எழுதும். ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாக மாற்றிப் பிறகு ஒட்டினால் ஒட்டு விழும் இடத்தில் ஒலி தடுக்கும். துண்டுகளை வரிசை மாறாமல் முதலிலேயே சேர்த்துவிட்டுத்தான் மற்ற வேலை.

இப்போது அந்தத் தலைவலி. தொடக்கத்தில் உதடும் பேச்சும் ஒட்டி வரும். அரை மணியில் லேசாக விலகும். கடைசியில் மத்தளத்தில் கை விழுந்த பிறகுதான் அடி கேட்கும். டிஎஸ் கோப்பில் படமும் ஒலியும் சிறு சிறு பொட்டலங்களாக வருகின்றன. சிக்னல் தடுமாறும்போது சில பொட்டலங்கள் தொலையும். படமும் ஒலியும் ஒரே அளவில் தொலைவதில்லை. இரண்டையும் பிரித்து மறுபடி சேர்க்கும் மென்பொருள் இடைவெளியைக் கவனிக்காமல் இருப்பதை மட்டும் நெருக்கி ஒட்டினால், ஒவ்வொரு மழைத் தடுமாற்றமும் ஒரு சிறு விலகலைக் கூட்டிக்கொண்டே போகும்.

பலர் செய்யும் தவறு, ஒலியை மொத்தமாக அரை நொடி முன்னால் நகர்த்துவது. கடைசிப் பகுதி சரியாகும், முதல் பகுதி கெடும். விலகல் முழுக்க ஒரே அளவாக இருந்தால் மட்டுமே நகர்த்தல் உதவும். கூடிக்கொண்டே போனால் கோப்பையே பழுதுபார்க்க வேண்டும். படத்தைச் சுருக்கும் பழைய முறையான எம்பெக்2 பதிவுகளுக்கு ப்ராஜெக்ட்எக்ஸ் என்ற இலவச மென்பொருள் இதற்கென்றே இருக்கிறது: நேரக் குறிகளைப் படித்து, தொலைந்த ஒலி இருந்த இடத்தை நிரப்பி, துண்டுகளையும் சேர்த்துத் தரும். விளம்பரங்களையும் அதிலேயே வெட்டலாம். புதிய சுருக்க முறையான எச்.264 பதிவுக்கு அது ஆகாது. அந்தப் பதிவை மறுபடி என்கோட் செய்யும்போதுதான் (வேறு வடிவத்துக்கு மாற்றிச் சுருக்கும்போதுதான்) சரிக்கட்ட வேண்டும். கோப்பு எந்த வகை என்று மீடியாஇன்ஃபோ என்ற மென்பொருள் காட்டிவிடும். அதைப் பார்க்காமல் எதையும் தொடங்க வேண்டாம்.

மீடியாஇன்ஃபோவில் எம்பெக்2, 720க்கு 576 அல்லது 704க்கு 576, 25 ஃப்ரேம், ஒலி எம்பி2 48,000 என்று இருந்தால் உங்களுக்கு யோகம். அது ஏற்கெனவே டிவிடி ஏற்கும் வடிவம். மறுபடி என்கோட் செய்வது நேரத்தையும் தரத்தையும் சேர்த்தே வீணாக்கும். டிவிடி தயாரிக்கும் டிவிடிஸ்டைலர் மென்பொருளில் அந்தக் கோப்பின் படத்துக்கும் ஒலிக்கும் 'காப்பி' என்று தேர்ந்தால் போதும். 544க்கு 576 என்றும் சில சேனல்கள் அனுப்புகின்றன. அந்த அகலம் டிவிடி விதியில் இல்லை, மாற்றித்தான் ஆக வேண்டும். எச்டி சேனலையும் 720க்கு 576 ஆகக் குறைக்க வேண்டும், ஏஏசி ஒலியை ஏசி3 ஆக்க வேண்டும். ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் மாற்றிவிட்டு டிவிடி ஆகிவிட்டது என்று நினைப்பவர்கள் உண்டு. அது தருவது எம்பி4, எம்கேவி போன்ற கோப்புகள்; பழைய பிளேயர் திரும்பியும் பார்க்காது.

டிவிடிஸ்டைலரில் புதுத் திட்டம் திறக்கும்போது வேறு நாட்டு டிவி முறையான என்டிஎஸ்சி என்று இருப்பதைக் கவனிக்காமல் விடுவதும் சாதாரணம். இலங்கையில் இருப்பது பால் (PAL) முறை. 25 ஃப்ரேமை 29.97 ஆக்கினால் கேமரா பக்கவாட்டில் திரும்பும் இடமெல்லாம் படம் தடக்கித் தடக்கி நகரும். 16க்கு 9 படத்தில் 4க்கு 3 என்று குறித்துவிட்டால் ஆட்களெல்லாம் ஒல்லியாக நீண்டு போவார்கள்.

இவற்றைவிட நுட்பமானது ஃபீல்டு வரிசை. டிஷ்ஷில் வரும் சாதாரணப் படம் ஒற்றை வரிகளும் இரட்டை வரிகளுமாக மாறி மாறி வரும். பெரும்பாலும் மேல் ஃபீல்டு முதலில். மென்பொருளில் கீழ் ஃபீல்டு முதலில் என்று இருந்தால் அசைவு முன்னும் பின்னுமாக உதறும். கம்ப்யூட்டர் திரையில் இது தெரியாமலே போகலாம். சோதிக்க எளிய இடம் செய்திச் சேனலின் அடியில் ஓடும் எழுத்து: பழைய குழாய் டிவியில் போட்டுப் பாருங்கள், எழுத்தின் ஓரம் நடுங்கினால் வரிசை தலைகீழ்.

கொள்ளளவுக்கு வருவோம். டிஸ்க்கில் 4.7 ஜிபி என்றிருப்பதையே கம்ப்யூட்டர் 4.38 என்று காட்டும். அதையும் விளிம்பு வரை நிரப்பக் கூடாது. டிவிடி உள்ளிருந்து வெளியே எழுதப்படுகிறது. கைரேகையும் கீறலும் எழுத்துப் பிழையும் சேர்வது வெளிவிளிம்பில். 'கடைசிப் பத்து நிமிடம் உறைந்து நிற்கிறது' என்ற முறைப்பாட்டின் காரணம் பெரும்பாலும் இதுதான். கம்ப்யூட்டர் கணக்கில் 4.2 ஜிபியோடு நிறுத்துங்கள். அது சுமார் 36,000 மெகாபிட். நிகழ்ச்சி எத்தனை நொடியோ அதனால் வகுத்து, ஒலிக்கு 0.2 கழியுங்கள். ஒன்றரை மணிக்கு 6.4, இரண்டு மணிக்கு 4.8, மூன்று மணிக்கு 3.1 என்று படத்துக்கு நொடிக்கு இத்தனை மெகாபிட் வரும். மூன்று மணிக்கு மேல் ஒரே டிஸ்க்கில் திணிப்பதைவிட இரண்டு டிஸ்க் ஆக்குவது மேல். குறைந்த நேர நிகழ்ச்சிக்கும் உச்சத்தை 8க்கு மேல் விடாதீர்கள். விதி 9.8 வரை அனுமதிக்கிறது, வயதான பிளேயர் அனுமதிக்காது. மூலம் 3 மெகாபிட்டில் வந்திருந்தால் 8 கொடுத்து என்கோட் செய்வதால் படம் தெளியப் போவதில்லை.

எழுதும்போது செய்யும் பெரிய பிழை, டிஎஸ் கோப்பை அப்படியே டேட்டா டிஸ்க்காக எழுதுவது. பிளேயருக்கு வீடியோ டிஎஸ் (VIDEO_TS) என்ற ஃபோல்டரும் அதற்குள் ஐஎஃப்ஓ, பியூபி, விஓபி கோப்புகளும் வேண்டும். டிவிடிஸ்டைலரில் முதலில் ஐஎஸ்ஓ (முழு டிஸ்க்கும் ஒரே கோப்பாக) ஆக்கி, விஎல்சி பிளேயரில் ஓட்டிப் பார்த்து, பிறகு இம்க்பர்ன் என்ற டிஸ்க் எழுதும் மென்பொருளில் எழுதி, எழுதியதைச் சரிபார்க்கும் வெரிஃபை குறியையும் போடுங்கள். 16 மடங்கு டிஸ்க்கை 8 மடங்கில் எழுதுவது நல்லது. மிகக் குறைந்த வேகம்தான் பாதுகாப்பு என்பது சரியல்ல. புதிய டிஸ்க்கின் சாயம் அவ்வளவு மெதுவான எழுத்துக்கென்று செய்யப்பட்டதல்ல. முதல் பிரதியை, அழித்து மறுபடி எழுதக்கூடிய ஆர்டபிள்யூ டிஸ்க்கில் எழுதிச் சோதித்தால் பிழை இருந்தாலும் காசு நட்டமில்லை. ஆனால் சில பழைய பிளேயர்கள் ஆர்டபிள்யூவைப் படிப்பதில்லை. கடைசிப் பிரதிக்கு, ஒரு முறை மட்டும் எழுதக்கூடிய மைனஸ் ஆர் (DVD-R) டிஸ்க் பெரும்பாலும் எதிலும் ஓடும். டிவிடி ரெக்கோர்டரில் எழுதினால் ஃபைனலைஸ் செய்யாமல் (மெனுவில் டிஸ்க்கை முடித்து வைக்காமல்) வெளியே எடுக்காதீர்கள், வேறு பிளேயரில் 'நோ டிஸ்க்' என்றுதான் வரும்.

எழுதும் நடுவே கரண்ட் போனால் ஆர் டிஸ்க் குப்பைதான். யூபிஎஸ் இல்லாவிட்டால் பாட்டரி நல்ல நிலையில் உள்ள லேப்டாப்பில், சார்ஜரும் மாட்டி, ஸ்லீப்பை நிறுத்திவிட்டு எழுதுங்கள். ஏப்ரல், ஒக்டோபர் மாலை இடிமழையில் டிஷ் கேபிளையும் பிளக்கையும் கழற்றி வையுங்கள்.

டிஸ்க் மேல் தாள் ஸ்டிக்கர் ஒட்டினால் ஈரத்தில் ஊதி, சுழலும்போது ஆடும். பால்பொயிண்ட் பேனாவும் வேண்டாம். தண்ணீர் மையுள்ள மார்க்கரால் நடுவளையத்தில் எழுதுங்கள். நுவரெலியா போன்ற குளிர் ஊரில் குளிர்ந்த அறையிலிருந்து பிளேயரை அடுப்பு எரியும் அறைக்குக் கொண்டு வந்ததும் போட்டால் லென்ஸில் ஆவி படிந்திருக்கும், டிஸ்க் ஓடாது. ஒரு மணி நேரம் பொறுங்கள். டிஸ்க்கை உறையில் திணிக்காமல் பெட்டியில் நிமிர்த்தி, சுவரை ஒட்டாத அலுமாரியில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைப்பது நல்லது. ஜன்னல் வெயில் சாயத்தை வெளுக்க வைக்கும். தாத்தா வீட்டு பிளேயரில் கடைசிப் பத்து நிமிடம் தடையில்லாமல் ஓடியதைப் பார்க்கும் வரை டிஎஸ் கோப்பை அழிக்க வேண்டாம்.