வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர், அதில் அவ்வப்போது கேம்: எதில் செலவழிப்பது, எதில் மிச்சம் பிடிப்பது

கடையில் “கேமும் ஆடணும்” என்று சொன்ன உடனே கொட்டேஷனில் ஒரு கிராபிக்ஸ் கார்டு ஏறிவிடும். பட்ஜெட் அப்படியே இருப்பதால் அந்தக் கார்டுக்கான காசை ரேமிலும் எஸ்எஸ்டியிலும் எஸ்எம்பிஎஸ்ஸிலும் (கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பவர் சப்ளை) பிடிப்பார்கள். கடைசியில் கேமும் திக்கும், பிரௌசரும் திக்கும். பிள்ளைகளின் பாடம், வீட்டுக் கணக்கு, ஆபீஸ் வேலை, படம், சனி ஞாயிறில் ஒன்றிரண்டு மணி நேரம் கேம் என்ற அளவுதான் தேவை என்றால், முதல் நாளே தனி கார்டு வேண்டாம். ப்ராசசருக்குள்ளேயே உருப்படியான கிராபிக்ஸ் உள்ள சிஸ்டமாக எடுத்து, பின்னால் கார்டு போட வழி விட்டு வையுங்கள்.

கடைக்குப் போகும் முன் ஒரு வேலை. வீட்டில் என்னென்ன கேம் ஆடப்போகிறார்கள் என்று பெயரோடு எழுதி வாங்குங்கள். மைன்கிராஃப்ட், ரோப்லாக்ஸ், வேலரன்ட், ஜிடிஏ 5, எமுலேட்டரில் (மொபைல் கேமைக் கம்ப்யூட்டரில் ஓட்டும் மென்பொருள்) ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் என்று பட்டியல் நின்றால், கீழே சொல்லும் சிஸ்டத்தில் 1080பி திரையில் குறைந்த அல்லது நடுத்தர செட்டிங்கில் நன்றாகவே ஓடும். சைபர்பங்க் 2077 மாதிரியான கனமான கேம்கள் பட்டியலில் இருந்தால் மட்டும் கார்டைப் பற்றி யோசிக்கலாம்.

ப்ராசசர் பெயரில் கடைசி எழுத்தைப் பாருங்கள்

ஏஎம்டியில் ரைசன் 5 5600ஜி, 5600ஜிடி இரண்டும் இந்தத் தேவைக்குச் சரியாகப் பொருந்தும். 6 கோர், 12 த்ரெட், உள்ளேயே வேகா 7 கிராபிக்ஸ். பாக்ஸோடு கூலரும் வருவதால் தனி கூலர் வாங்கத் தேவையில்லை. அதே வரிசையில் ‘ஜி’ இல்லாத 5500, 5600 ஆகியவற்றில் கிராபிக்ஸ் கிடையாது. கார்டு இல்லாமல் அவற்றைப் போட்டால் மானிட்டர் இருட்டாகத்தான் இருக்கும். இன்டெலிலும் 12100எஃப், 12400எஃப் என்று ‘எஃப்’ போட்டு வருபவை அப்படித்தான். ‘எஃப்’ இல்லாத 12400இல் யூஎச்டி 730 இருக்கிறது. ஆபீஸ் வேலைக்கும் படம் பார்க்கவும் அது தாராளம், கேமுக்கு மட்டும் வேகா 7க்குப் பின்னால்தான் நிற்கும். ரைசன் 5 7600இலும் கிராபிக்ஸ் உண்டு என்று கடைக்காரர் சொல்வது உண்மைதான். ஆனால் அதில் இருப்பவை இரண்டே கிராபிக்ஸ் யூனிட்; திரை காட்டுவதற்கு மட்டும்தான் உதவும்.

கொஞ்சம் கூடுதலாகச் செலவழிக்க முடிந்தால் ரைசன் 5 8600ஜி எடுக்கலாம். அதிலுள்ள ரேடியான் 760எம், வேகா 7ஐ விட நல்ல வேகம். ஆனால் அதற்கு ஏஎம்5 சாக்கெட் மதர்போர்டும் டிடிஆர்5 ரேமும் கட்டாயம். அதன் தம்பியான 8500ஜியைப் பின்னால் கார்டு போடும் எண்ணம் உள்ளவர்கள் தவிர்ப்பது நல்லது: கார்டுக்கு நான்கு லேன் (டேட்டா போய்வரும் பாதை) மட்டுமே கொடுக்கும், கிராபிக்ஸ் யூனிட்டும் 8600ஜியில் இருப்பதில் பாதிதான்.

5600ஜிக்கு ஏ520 போர்டு போதும், எம்.2 என்விஎம்இ ஸ்லாட்டும் (வேகமான எஸ்எஸ்டி செருகும் இடம்) இரண்டு ரேம் ஸ்லாட்டும் இருக்கிறதா என்று மட்டும் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். பழைய ஸ்டாக் போர்டாக இருந்தால் பயாஸ் (ஆன் செய்ததும் முதலில் ஓடும், போர்டுக்குள்ளேயே இருக்கும் மென்பொருள்) பழசாக இருந்து டிஸ்ப்ளேயே வராமல் போகலாம். ப்ராசசரும் போர்டும் ஒரே கடையில் வாங்கி, அங்கேயே பயாஸ் அப்டேட் செய்து ஆன் பண்ணிக் காட்டச் சொல்லுங்கள்.

ரேம்: ஒன்றாக 16 ஜிபி வேண்டாம், இரண்டு 8 ஜிபி வாங்குங்கள்

சிஸ்டம் முழுவதிலும் அதிகமாகத் தவறு நடக்கும் இடம் இதுதான், காசில்லாமல் சரிசெய்யக் கூடியதும் இதுதான். தனி கார்டுக்குச் சொந்தமாக மெமரி உண்டு. ப்ராசசருக்குள் இருக்கும் கிராபிக்ஸுக்கு அது கிடையாது, மதர்போர்டிலுள்ள ரேமைத்தான் அதுவும் உபயோகிக்கிறது. டிடிஆர்4-3200 ரேம் ஒன்றே ஒன்று போட்டால் நொடிக்கு 25.6 ஜிபி டேட்டாதான் போய்வர முடியும். இரண்டு போட்டால் இரண்டு சேனலும் (ரேமுக்கும் ப்ராசசருக்கும் இடையிலான பாதைகள்) சேர்ந்து 51.2 ஜிபி. பழைய ஜிடிஎக்ஸ் 1650 கார்டின் சொந்த மெமரியே 128 ஜிபி தரும் என்பதை வைத்துப் பார்த்தால், ஒற்றை ரேமில் வேகா 7 எவ்வளவு மூச்சுத் திணறும் என்பது புரியும். அதே ப்ராசசர், அதே கேம், ரேம் மட்டும் ஒற்றை என்றால் ஆட்டம் கண்ணுக்குத் தெரிய இழுக்கும்.

2025 கடைசியிலிருந்து ரேம் விலை மிக மோசமாக ஏறியிருக்கிறது. அதனால் பழைய வீடியோக்களில் சொன்ன விலையை மனதில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். வாங்கும் நாளன்று இரண்டு மூன்று கடையில் கேளுங்கள். 2×8 எட்டவில்லை என்றால் இப்போதைக்கு ஒரு 8 ஜிபி போட்டு, அதே மாடல் இன்னொன்றைப் பின்னால் சேர்க்கலாம். அதுவரை கேம் மெதுவாகத்தான் ஓடும் என்று வீட்டில் சொல்லிவையுங்கள். 2×4 வாங்குவது வீண், இரண்டு ஸ்லாட்டும் அடைந்துவிடும்.

நான்கு ஸ்லாட் போர்டு என்றால் ப்ராசசரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் போட வேண்டும். பக்கத்துப் பக்கத்தில் செருகினால் இரண்டும் ஒரே சேனலில் போய்விடும். பிறகு பயாஸுக்குள் போய் எக்ஸ்எம்பி அல்லது டிஓசிபி என்பதை, ரேமை அதில் போட்டிருக்கும் வேகத்தில் ஓட வைப்பது அதுதான், ஆன் செய்யுங்கள். இல்லையென்றால் 3200 ரேம் 2400இலோ 2666இலோ ஓடிக்கொண்டிருக்கலாம். சரியாக இருக்கிறதா என்று பார்க்க கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், மெமரி என்று போனால் வேகம் தெரியும். இரண்டு சேனலும் ஓடுகிறதா என்பதை சிபியூ-இசட் மென்பொருளின் மெமரி பக்கம் காட்டும்.

பயாஸில் இருக்கும்போதே இன்னும் இரண்டு வேலைகளை முடித்துவிடலாம். கிராபிக்ஸுக்கு ஒதுக்கும் மெமரியை, யூஎம்ஏ ஃப்ரேம் பஃபர் என்ற பெயரில் இருக்கும், 2 ஜிபி ஆக்குங்கள். எமுலேட்டரில் ஆடுபவர்கள் எஸ்விஎம் மோடையும் (ப்ராசசரின் விர்ச்சுவலைசேஷன் வசதி, எமுலேட்டர் வேகமாக ஓட இது தேவை) ஆன் செய்ய வேண்டும். ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் நல்ல சிஸ்டத்திலும் ஜவ்வாக இழுக்கிறது என்றால் பெரும்பாலும் அது ஆஃபில் இருப்பதுதான் காரணம்.

எஸ்எம்பிஎஸ்: வாட்டைப் பார்க்காதீர்கள், ஆம்ப்பைப் பாருங்கள்

கேபினெட்டோடு இலவசமாக வரும் எஸ்எம்பிஎஸ் மேல் “450 வாட்” என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அதன் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் கட்டத்தைப் படியுங்கள். 12 வோல்ட் என்ற இடத்துக்கு நேரே 14 ஆம்ப் என்று போட்டிருந்தால், 12ஐ 14ஆல் பெருக்கினால் 168 வாட். ப்ராசசரும் கிராபிக்ஸ் கார்டும் சாப்பிடுவது அந்த 12 வோல்ட்டைத்தான். நல்ல 450 வாட் எஸ்எம்பிஎஸ்ஸில் அதே இடத்தில் 35 ஆம்ப்பை ஒட்டி இருக்கும், அதாவது 420 வாட்.

5600ஜி சிஸ்டம் கேம் ஓடும்போதும் 150 வாட்டைத் தாண்டாது, பிறகு எதற்கு நல்லது என்று கேட்கலாம். மலிவானதில் ஓவர் வோல்ட்டேஜ், ஷார்ட் சர்க்யூட் பாதுகாப்பு பெயருக்குத்தான் இருக்கும். அது போகும்போது போர்டையும் எஸ்எஸ்டியையும் கூட்டிக்கொண்டு போகும். கார்டுக்கான 8 பின் கேபிளும் அதில் இருக்காது. 80 ப்ளஸ் ப்ரான்ஸ் முத்திரை (மின்சாரத்தை அதிகம் வீணாக்காததற்கான சான்று) உள்ள 450 அல்லது 550 வாட்டை தெரிந்த பிராண்டில் தனியாக வாங்குங்கள். கேபினெட்டில் எவ்வளவு வேண்டுமானாலும் மிச்சம் பிடிக்கலாம். கலர் லைட் ஃபேன் எதற்கும் உதவாது, முன்புறம் காற்று போகத் துளை இருந்தால் போதும்.

எஸ்எஸ்டி 500 ஜிபி என்விஎம்இ குறைந்தபட்சம். ஜிடிஏ 5 ஒன்றே 100 ஜிபியைச் சாப்பிடும் என்பதால் 1 டிபி எட்டினால் நல்லது. போட்டோ, பழைய வீடியோவுக்கு வீட்டில் கிடக்கும் ஹார்டு டிஸ்கை இரண்டாவதாக மாட்டிக்கொள்ளலாம். மானிட்டர் 22 அல்லது 24 இன்ச், 1080பி, ஐபிஎஸ் பேனல். 2கே, 4கே எல்லாம் இந்த கிராபிக்ஸுக்கு அதிகச் சுமை.

“ஐ7 கேமிங் பிசி” என்ற வலை

ஆன்லைனில் “கோர் ஐ7, 16 ஜிபி ரேம், 512 எஸ்எஸ்டி, ஆர்ஜிபி கேபினெட்” என்று ஆச்சரியமான விலைக்கு வரும். எந்த ஜெனரேஷன் என்று மட்டும் எழுதியிருக்காது. போர்டு எச்61 என்று எங்காவது கீழே இருந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அது 2011இல் வந்த சிப்செட். அதில் ஓடும் ஐ5-2400உம் 2011 சரக்குதான். இன்றைய ஐ5-12400க்கும் அதற்கும் பெயரில் ஒரே ஒரு ‘1’தான் வித்தியாசம், அதில்தான் ஏமாறுகிறார்கள். இந்தப் போர்டுகளில் டிடிஆர்3 ரேம்தான் போகும், டிபிஎம் 2.0 (பாதுகாப்புக்கான சிப்) இல்லை. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 வேண்டும். குறுக்கு வழியில் ஏற்றிக் கொடுத்தாலும் விண்டோஸ் 11இல் வேலரன்ட், டிபிஎம் 2.0உம் செக்யூர் பூட்டும் (நம்பகமான மென்பொருளை மட்டும் ஆரம்பிக்க விடும் பயாஸ் வசதி) இல்லாமல் திறக்காது.

மலிவான ‘1050 டிஐ’ கார்டுகளிலும் இதே கதை உண்டு. 2010, 2011 காலத்துச் சிப்பில் பயாஸை மாற்றி எழுதிப் பெயரை மட்டும் புதிதாகக் காட்ட வைப்பார்கள். ஜிபியூ-இசட் ஓட்டினால் பெயருக்கு முன்னால் ‘ஃபேக்’ என்று வரும்.

செகண்ட் ஹேண்ட்தான் கட்டுப்படியாகும் என்றால் அதில் நேர்மையான வழி ஒன்று இருக்கிறது. கம்பெனிகள் கழித்துவிட்ட டெல் ஆப்டிப்ளெக்ஸ், எச்பி எலைட்டெஸ்க், லெனோவோ திங்க்சென்டர் சிஸ்டங்களில் ஐ5-8500 அல்லது அதற்குப் பிந்தையது. எட்டாவது ஜெனரேஷனுக்குக் கீழே போகாதீர்கள், விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஆதரிப்பது அங்கிருந்துதான். ஒல்லியான கேபினெட்டை விட டவர் மாடலாக எடுங்கள். ஒல்லி மாடலில் குட்டைக் கார்டுதான் நுழையும். எஸ்எம்பிஎஸ்ஸும் போர்டும் அந்தக் கம்பெனியின் தனிக் கனெக்டரில் இருப்பதால் பெரியது மாற்றுவதும் சுலபமில்லை. ஸ்லாட்டிலிருந்தே மின்சாரம் எடுக்கும், 75 வாட்டுக்குள் நிற்கும் ஜிடிஎக்ஸ் 1650 மாதிரிக் கார்டுதான் இதற்குப் பொருந்தும்.

புதிய சிஸ்டத்தில் பின்னால் கார்டு சேர்க்கும்போது ஆர்எக்ஸ் 6600 நல்ல ஜோடி: 8 ஜிபி மெமரி, 132 வாட், ஒரே ஒரு 8 பின் கேபிள். கேபிளே வேண்டாம் என்றால் 70 வாட்டில் ஓடும் ஆர்டிஎக்ஸ் 3050இன் 6 ஜிபி மாடல். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி விலை குறைவாக இருந்தாலும் 5600ஜியோடு சேர்க்காதீர்கள். அந்தக் கார்டு நான்கு லேனில்தான் பேசும், 5600ஜியோ பிசிஐஇ 3.0 என்ற பழைய, மெதுவான இணைப்புதான், பாதை பாதியாகக் குறுகி, 4 ஜிபி மெமரி நிரம்பியதும் கேம் தடுமாறும். கார்டு போட்ட பிறகு எச்டிஎம்ஐ கேபிளைக் கார்டிலேயே செருகுங்கள். போர்டிலேயே விட்டுவிட்டு “கார்டு வேலை செய்யவில்லை” என்று கடைக்குத் தூக்கிப் போகிறவர்கள் நிறைய.

லேப்டாப் எடுக்கலாமா என்பது அடுத்த கேள்வி. வெளியே தூக்கிப் போகும் தேவை இருந்தால் எடுங்கள். வீட்டிலேயே இருக்கப் போகிறது என்றால், அதே காசுக்கு டெஸ்க்டாப் வேகமாக இருக்கும், ஒரு பாகம் போனால் அதை மட்டும் மாற்றலாம், பல லேப்டாப்களில் ரேமே போர்டோடு சால்டர் ஆகி வருகிறது.

விண்டோஸ் லைசன்ஸை பட்ஜெட்டில் சேர்த்தே கணக்கிடுங்கள். கடைக்காரர் ஆக்டிவேட்டர் போட்டுத் தருகிறேன் என்றால் மறுத்துவிடுங்கள். அதே கம்ப்யூட்டரில்தான் அப்பாவின் நெட்பேங்கிங்கும் நடக்கப் போகிறது. பிள்ளைகளுக்கு அட்மின் அல்லாத தனி அக்கவுன்ட் போடுங்கள். கேமுக்கான சீட் (ஏமாற்றி ஜெயிக்க உதவுவது), மோட் (கேமை மாற்றியமைப்பது) என்று இறக்குவதில் வைரஸ் வருவது சர்வசாதாரணம், பாஸ்வேர்டு கேட்டால் பாதி அங்கேயே நிற்கும்.

எடுத்து வரும் முன் கடையிலேயே ஆன் செய்து பாருங்கள். சிபியூ-இசட்டில் ப்ராசசர் பெயர், ரேம் சேனல். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் எஸ்எஸ்டி ஓடிய மணி நேரம். புதிது என்றால் ஒற்றை இலக்கத்தை ஒட்டி இருக்க வேண்டும், நூற்றுக்கணக்கில் காட்டினால் அது பழசு. ப்ராசசர், போர்டு, ரேம், எஸ்எஸ்டி, எஸ்எம்பிஎஸ், மானிட்டர் எல்லாவற்றின் சீரியல் நம்பரும் ஜிஎஸ்டி பில்லில் வர வேண்டும். “மொத்த சிஸ்டத்துக்கு ஒரு வருஷம் வாரண்டி” என்று ஒரே வரி போட்டால் ஒத்துக்கொள்ளாதீர்கள், ப்ராசசருக்கே மூன்று வருடம் உண்டு. பாகங்களின் பெட்டிகளையும் கேட்டு வாங்கி வையுங்கள்.

வீட்டில் 600 விஏ யூபிஎஸ் போதும், அது தருவது 360 வாட். லேசர் பிரிண்டரை அதில் செருகாதீர்கள். சூடாகும் நேரத்தில் அது இழுக்கும் கரண்டில் யூபிஎஸ் ட்ரிப் ஆகும். கேபினெட்டைத் தொட்டால் விரல் சுர்ரென்று இழுக்கிறது என்றால் கம்ப்யூட்டரைத் திருப்பிக் கொடுக்க ஓடாதீர்கள். எஸ்எம்பிஎஸ்ஸில் உள்ள ஃபில்டர் சிறிதளவு கரண்டை எர்த்துக்கு அனுப்புவது வழக்கம். வீட்டு சாக்கெட்டில் எர்த் இல்லாவிட்டால் அது கேபினெட்டிலேயே தங்கும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அந்த சாக்கெட்டின் எர்த்தைச் சரிசெய்த பிறகே பிள்ளைகளைத் தொட விடுங்கள்.