செஸ் போர்டு வாங்கும் முன் ராஜாவின் அடியை அளந்துவிடுங்கள்

2022 ஜூலை, மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் தொடங்கவிருந்த நேரம். சென்னை நேப்பியர் பாலத்தில் கறுப்பு வெள்ளைக் கட்டம் வரைந்திருந்தார்கள். பேருந்தில் அதைக் கடக்கும்போதுதான் என் மகள், "எனக்கும் செஸ் வேணும்ப்பா" என்றாள். அதன் பிறகு எங்கள் வீட்டுக்கு மூன்று போர்டுகள் வந்துவிட்டன. மூன்றாவதைத்தான் அவள் போட்டிக்கு எடுத்துப் போகிறாள். நீங்கள் அந்த மூன்றாவதையே முதலில் வாங்கிவிட வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. எங்கே விளையாடப் போகிறார்கள்?

ரயிலில், காரில் என்றால் மடக்கும் காந்தப் போர்டு போதும். வகுப்பில் சேர்க்கும் எண்ணம் இருந்தால் போட்டி அளவிலேயே வாங்கிவிடுங்கள். உள்ளூர்ப் போட்டிகள் பலவற்றில் போர்டையும் காய்களையும் நாமே கொண்டுவரச் சொல்கிறார்கள். அதோடு, சின்னக் காந்தப் போர்டில் பழகிய பிள்ளைக்குப் பெரிய போர்டின் ஓரத்தில் நிற்கும் பிஷப் சட்டென்று கண்ணில் படுவதில்லை. எங்கள் முதல் போர்டில் கற்றது இது.

2. முதலில் காய்கள்

ஸ்டாண்டன் வடிவம், அதாவது எந்தக் காய் எது என்று பார்த்ததும் தெரியும் எளிய வடிவம்தான் வாங்க வேண்டும். 1849-இல் லண்டனில் விற்பனைக்கு வந்த வடிவம், இன்றும் போட்டிகளில் அதுதான். அம்பாரி வைத்த யானை, வாள் பிடித்த சிப்பாய் எல்லாம் ஷோகேஸுக்கு அழகு. ஆனால் ஆட்டத்தின் நடுவில் எது ராணி, எது பிஷப் என்று குழந்தை குழம்பிப்போகும்.

உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடே, ராஜாவின் உயரம் சுமார் 9.5 செ.மீ. இருக்கலாம் என்கிறது. ராணி 8.5, பிஷப் 7, குதிரை 6, யானை 5.5, சிப்பாய் 5. அடியில் எடை வைத்த பிளாஸ்டிக் காய்களே என் தேர்வு. மரக்காய் எனக்கும் பிடிக்கும், அமிர்தசரஸில் மிக அழகாகச் செய்கிறார்கள். ஆனால் கீழே விழுந்தால் முதலில் போவது குதிரையின் காதுதான். சிப்பாய் கடைசி வரிசையை எட்டி ராணியாக மாறும்போது வைக்க, கூடுதல் ராணி இரண்டு சேர்த்து மொத்தம் 34 காய்கள் இருக்கிறதா என்று பாருங்கள்.

3. கட்டத்தின் அளவு

இங்கேதான் நான் சறுக்கினேன். இரண்டாவது முறை நல்ல காய்களாக வாங்கி, போர்டை மட்டும் தனியாக ஆர்டர் செய்தேன். "15 இன்ச்" என்று போட்டிருந்தது. பெரிதாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். வந்த போர்டில் காய்களை அடுக்கினால் ராஜாவும் ராணியும் தோளோடு தோள் உரசி நின்றார்கள். ஒரு காயை எடுக்கப் போனால் பக்கத்துக் காய் விழுந்தது. மகள் முகம் வாடிவிட்டது.

தையல் டேப்பை எடுத்து அளந்த பிறகுதான் புரிந்தது. 15 இன்ச் என்பது விளிம்பையும் சேர்த்து. அதாவது 38 செ.மீ. நான்கு பக்கமும் 2 செ.மீ. விளிம்பு போனால் மிச்சம் 34. அதை எட்டால் வகுத்தால் ஒரு கட்டம் 4.25 செ.மீ. என் ராஜாவின் அடிப்பாகத்தின் அகலமோ 4.3 செ.மீ. கட்டத்துக்குள்ளேயே அடங்கவில்லை!

அதனால் மொத்த அளவை நம்ப வேண்டாம். ஒரு கட்டத்தின் பக்கம் எவ்வளவு என்று கேளுங்கள். ஃபிடே சொல்வது 5 முதல் 6 செ.மீ. ராஜாவின் அடி, கட்டத்தில் முக்கால் பங்கு இருந்தால் கச்சிதம். என் 4.3 செ.மீ. ராஜாவுக்கு 5.7 செ.மீ. கட்டம், அதாவது இரண்டேகால் இன்ச். விளிம்போடு சேர்த்தால் 20 இன்ச் போர்டு.

கடையில் டேப் இல்லையா? ஒரே கட்டத்தில் நான்கு சிப்பாய்களை நிறுத்திப் பாருங்கள். நான்கும் அடங்கினால் சரி.

4. எந்தப் பொருள், என்ன நிறம்

சுருட்டி வைக்கும் வினைல் போர்டுதான். தண்ணீர் கொட்டினால் துடைத்துவிடலாம், பைக்குள் அடங்கும். பச்சையும் வெள்ளையும், இல்லையென்றால் பழுப்பும் சந்தன நிறமும். பளபளப்பான பாலிஷ் போர்டை நான் யாருக்கும் சொல்வதில்லை. டியூப் லைட் அதில் மின்னி, இரண்டு மணி நேர ஆட்டத்தில் கண் வலித்துவிடும்.

ஓரத்தில் எழுத்தும் எண்ணும் அச்சிட்டிருக்க வேண்டும், ஆட்டத்தின் நகர்வுகளை எழுதிப் பழக அது அவசியம். வீட்டுக்கு வந்ததும் a1 கட்டம், அதாவது a எழுத்தும் 1 என்ற எண்ணும் சந்திக்கும் மூலைக் கட்டம், அடர் நிறமா என்று பாருங்கள். வெளிர் நிறமாக இருந்தால் அச்சுப் பிழை, திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பின்சேர்க்கை: வினைல் போர்டு சுருண்டுகொண்டே இருக்கிறது, காய் நிற்க மாட்டேன் என்கிறது என்று பின்னூட்டத்தில் இருவர் கேட்டிருந்தார்கள். கட்டம் உள்பக்கமாக வரும்படி சுருட்டுவதுதான் காரணம். கட்டம் வெளியே தெரியும்படி சுருட்டி வையுங்கள். விரித்ததும் ஓரங்கள் மேசையைப் பார்த்துப் படிந்துகொள்ளும். மடித்த கோடு விழுந்திருந்தால் இளவெயிலில் கொஞ்ச நேரம் வைத்து, அப்புறம் கனமான புத்தகங்களுக்கு அடியில் ஓர் இரவு விட்டுவிடுங்கள். எங்கள் போர்டு அப்படித்தான் நேரானது.