சிவப்பு விளக்கும் ஆறு ஆண்டெனாவும்

கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் வீடு ஒன்பதாவது மாடியில் இருக்கிறது. இரவில் மகன் பிளேஸ்டேஷனில் கால்பந்து விளையாடுவான். நான் கணினியிலிருந்து அலுவலகக் கோப்புகளைப் பதிவேற்றுவேன். உடனே அவன் ஆட்டம் தடுமாறும்; அறையிலிருந்து குரல் வரும்: “அப்பா, மறுபடியும் எதையாவது அனுப்புகிறீர்களா?”

இணைய வேகம் போதவில்லை என்று நினைத்து 100 மெகாபிட்டிலிருந்து 300க்கு மாறினேன். மாதக் கட்டணம் ஏறியதுதான் மிச்சம்.

பிறகுதான் பிங், அதாவது ஒரு தகவல் போய்ப் பதில் திரும்ப ஆகும் நேரம், பார்த்தேன். வீட்டில் யாரும் எதுவும் செய்யாதபோது 9 மில்லிசெகண்ட். கோப்பு ஏறும்போது 280. பழைய ரௌட்டர் எல்லாத் தரவையும் ஒரே நீண்ட வரிசையில் நிறுத்திவிடுகிறது. பசார் மாலாம் (இரவுச் சந்தை) நெரிசலில் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட மோட்டார்சைக்கிள் போல, விளையாட்டின் சின்னஞ்சிறு தரவுப் பொட்டலம் கோப்புக்குப் பின்னால் காத்துக் கிடக்கிறது.

புது ரௌட்டர் வாங்க, புக்கிட் பிந்தாங்கில் கணினிக் கடைகள் நிறைந்த லோ யாட் பிளாசாவுக்குப் போனேன். கடைக்காரர் ஆறு ஆண்டெனாவோடு, கவிழ்ந்து கிடக்கும் நண்டு போன்ற ஒன்றை நீட்டினார். சிவப்பு விளக்கு வேறு. நான் கேட்டது ஒன்றுதான்: அந்த வரிசையை நீளவிடாமல் ஒழுங்குபடுத்தும் எஸ்க்யூஎம் வசதி உண்டா? பாதி விலைப் பெட்டி ஒன்றில் இருந்தது. பதிவேற்ற வரம்பை உண்மையான வேகத்தில் 90 சதவீதமாக வைத்தேன். பிங் 15ஐத் தாண்டவில்லை.

பழைய ரௌட்டரும் நடுவில் இருந்ததால் இரட்டை நாட் (இரண்டு ரௌட்டர்களும் தனித்தனியே முகவரி மாற்றுவது) ஏற்பட்டு, விளையாட்டில் மகன் நண்பர்களோடு பேசும் குரல் அறுந்துகொண்டிருந்தது. பழையதை, தரவை அப்படியே கடத்த மட்டும் செய்யும் பிரிட்ஜ் நிலைக்கு மாற்றியதும் சரியாகிவிட்டது.

வைஃபை பட்டியலில் அண்டை வீட்டுப் பெயர்களே இருபதுக்கு மேல்; அலைகள் ஒன்றோடொன்று மோதும். அதனால் பிளேஸ்டேஷனுக்குச் சுவரோரமாக கேட் 6 (Cat 6) இணையக் கம்பி இழுத்தேன். அந்த நீலக் கம்பி மனைவிக்கு இன்னும் பிடிக்கவில்லை.