லேப்டாப் கிராபிக்ஸ் சிப் கோளாறு: என் அனுபவம்

திரையில் கோடு விழுந்தால் முதலில் எச்டிஎம்ஐ வழியாக டிவியில் பாருங்கள். அங்கேயும் அதே கோடு வந்தால் டிஸ்ப்ளே கேபிள் மேல் பழி போடவேண்டாம். சேஃப் மோடில் (கிராபிக்ஸ் டிரைவர் இல்லாமல் விண்டோஸ் திறக்கும் முறை) கோடு மறைந்தால் சந்தேகம் கிராபிக்ஸ் சிப் மேல்தான். டிரைவரை ஒருமுறை மாற்றிப் போட்டும் பாருங்கள்.

மதுரை வெயிலும் தூசியும் சேர்ந்து ஹீட்சிங்க் (சிப்பின் சூட்டை வெளியேற்றும் உலோகப் பகுதி) துடுப்புகளை அடைத்துவிடும். சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, ஹீட்சிங்க் திருகுகளை அதில் போட்டிருக்கும் எண்வரிசைக்குத் தலைகீழாகத் தளர்த்தினேன். சிப்புக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே சூட்டைக் கடத்தும் பேஸ்ட் காய்ந்திருந்தது; அதை ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் துடைத்து, பச்சைப்பயறு அளவு புதுப் பேஸ்ட். மெமரி சிப்புகளுக்குப் பேஸ்ட் கூடாது, பழைய கனத்திலேயே தெர்மல் பேட் (சூட்டைக் கடத்தும் மெத்தைத் துண்டு). 94 டிகிரி தொட்ட சூடு 78க்கு இறங்கியது. ஆனாலும் கோடு போகவில்லை.

சிப்பை ஹாட் ஏர் கன்னிலோ அடுப்பிலோ சூடாக்கும் வைத்தியம் வேண்டவே வேண்டாம். விரிசல் பெரும்பாலும் சிப்பைப் போர்டோடு இணைக்கும் ஈயக் குண்டுகளில் இல்லை. சிலிக்கானுக்கும் அதன் அடித்தட்டுக்கும் நடுவே இருக்கிறது. சூட்டில் தற்காலிகமாக ஒட்டும், சில வாரத்தில் திரும்ப விடும். பழைய சிப்பையே ரீபால் செய்வதும் (அந்தக் குண்டுகளை மாற்றி ஒட்டுவதும்) அதனால்தான் வீண். டவுன்ஹால் ரோடு பக்கம் பழுதுபார்க்கக் கொடுத்தாலும் போடுவது புதுச் சிப்தானா என்று கேட்டுக் கொடுங்கள்.

பிராசஸரிலேயே இன்னொரு கிராபிக்ஸ் இருந்ததால், பயாஸில் (லேப்டாப் தொடங்கும்போது வரும் அமைப்புத் திரை) தனிச் சிப்பை அணைத்தேன். பயாஸில் அந்த வசதி இல்லாதவர்கள் விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் டிஸேபிள் செய்யலாம். கேம் ஓடாது, டைப்பிங், வீடியோ எல்லாம் ஓடுகிறது.