விபத்துக்குப் பிறகு உங்கள் கார் இன்சூரன்ஸ் எதற்குப் பணம் தரும்? படிப்படியாகப் பார்ப்போம்

போன மாரியில் ஓர் இரவு, செங்கலடிப் பக்கமிருந்து பதுளை றோட்டால் போய்க்கொண்டிருந்தேன். கரடியனாற்றுக்குக் கிட்ட, தார் றோட்டின் நடுவில் மாடுகள் படுத்திருந்தன. மழைக்காலத்தில் நிலமெல்லாம் ஈரமாகிவிட்டால் அவை காய்ந்த இடம் தேடி றோட்டுக்கு வந்துவிடும். பிரேக் பிடித்தும் ஒன்றில் மோதிவிட்டேன். மாடு எழுந்து போய்விட்டது. என் வேகன் ஆரின் பொனட், பம்பர், ரேடியேட்டர், ஒரு பக்க ஹெட்லைட் எல்லாம் போய்விட்டன.

"ஃபுல் இன்சூரன்ஸ்தானே இருக்கு, பயப்பிடாத" என்று மச்சான் போனில் சொன்னான். நானும் அப்படித்தான் நம்பினேன். கடைசியில் செலவில் பாதிகூட கைக்கு வரவில்லை. காரணத்தை நான்காவது படியில் சொல்கிறேன். அவசரமானால் நேரே அங்கே போங்கள்.

படி 1: றோட்டில் நிற்கும்போது

யாருக்காவது காயம் என்றால் முதலில் 1990 சுவசெரிய அம்புலன்ஸ், பிறகு பொலிஸ். அதற்குப் பிறகுதான் இன்சூரன்ஸ். காயம் இல்லையென்றால் வாகனத்தை நகர்த்துவதற்கு முன்பே கம்பனியின் ஹொட்லைனுக்கு அடியுங்கள். அவர்கள் தரும் முறைப்பாட்டு இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

போட்டோவை விட வீடியோதான் நல்லது என்பேன். ஒரு நிமிடம் வாகனத்தைச் சுற்றி நடந்து, நம்பர் பிளேட், றோட்டின் இரு பக்கம், டயர் இழுபட்ட அடையாளம் எல்லாவற்றையும் ஒரே ஓட்டத்தில் எடுங்கள். எடுத்த உடனே வீட்டில் ஒருவருக்கு வட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். நேரம் தானாகப் பதிவாகும், போன் தொலைந்தாலும் வீடியோ இருக்கும்.

இன்னொரு வாகனம் சம்பந்தப்பட்டிருந்தால் "பிழை என்னுடையது, காசு தாறன்" என்று றோட்டில் வைத்தே ஒத்துக்கொள்ளாதீர்கள். கம்பனியைக் கேட்காமல் பொறுப்பேற்கக் கூடாது என்று பொலிசியிலேயே நிபந்தனை இருக்கும்.

படி 2: உங்களிடம் இருப்பது எது?

தேர்ட் பார்ட்டி என்பது 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் கட்டாயமாக்கியது. உங்கள் வாகனத்தால் இன்னொருவர் இறந்தாலோ காயப்பட்டாலோ அது பொறுப்பேற்கும். மற்றவரின் சொத்துச் சேதத்துக்கும் பொலிசியில் ஓர் உச்சத்தொகை போட்டிருப்பார்கள், அதைப் பாருங்கள். ஒரு சைக்கிளுக்கோ மதிலுக்கோ போதுமான தொகை, புது வானுக்குப் போதாமல் போகலாம். உங்கள் சொந்தக் காருக்கு இதில் ஒரு சதமும் கிடையாது. என்னிடம் இது மட்டும் இருந்திருந்தால் மாட்டில் மோதிய செலவு முழுவதும் என் தலையில்தான்.

இதோடு தீயும் களவும் சேர்ந்த பொலிசியும் உண்டு. மோதல் சேதம் அதிலும் வராது.

ஃபுல் இன்சூரன்ஸில் உங்கள் வாகனச் சேதமும் சேரும். ஆனால் "ஃபுல்" என்ற சொல்லை நம்பி இருந்துவிடாதீர்கள்.

படி 3: கார்டை வைத்துவிட்டு அட்டவணையை எடுங்கள்

வருமான அனுமதிப்பத்திரம் எடுக்க பிரதேச செயலகத்தில் காட்டும் அந்தச் சிறு கார்டில் எதுவும் தெரியாது. பொலிசிப் புத்தகத்தோடு வரும் அட்டவணைப் பக்கம்தான் முக்கியம். அதில் மூன்றைத் தேடுங்கள்: காப்புறுதித் தொகை, நீங்கள் கையிலிருந்து கட்ட வேண்டிய எக்செஸ், மேலதிகக் காப்புகளின் பட்டியல். வெள்ளம், கலவரம், பயங்கரவாதம், கண்ணாடி, இழுத்துச் செல்லும் செலவு போன்றவை பல பொலிசிகளில் தனித்தனியாகச் சேர்க்கப்படுபவை. பட்டியலில் பெயர் இல்லையென்றால் காப்பும் இல்லை.

படி 4: காப்புறுதித் தொகையும் சந்தை விலையும்

நான் வழுக்கியது இங்கேதான். பொறுமையாக வாசியுங்கள்.

என் காரை 2019 இல் 30 இலட்சத்துக்குப் பதிந்திருந்தேன். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2025 இல்தான் தனியார் கார்களுக்கு மறுபடி திறந்தது. இடையில் பழைய கார்களின் விலை ஏறிக்கொண்டே போனது. ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்க வந்த முகவர், "தம்பி, விலையைக் கூட்டினால் பிறீமியமும் கூடும், பழைய தொகையிலேயே விடுவம்" என்றார். நானும் சரி என்றேன்.

விபத்து நடந்தபோது அதே காரின் சந்தை விலை 60 இலட்சம் என்று மதிப்பீட்டாளர் எழுதினார். பொலிசி நிபந்தனைகளில் "சராசரி" என்று ஒரு பந்தி இருக்கும். அதன் கணக்கு இதுதான்:

சேதத் தொகை × காப்புறுதித் தொகை ÷ சந்தை விலை

420,000 ரூபாய் பில். அதை 30 ஆல் பெருக்கி 60 ஆல் பிரித்தால் 210,000. எக்செஸ் 10,000 கழித்து 200,000 தந்தார்கள். மிச்சம் 220,000 நான் கட்டினேன். பாதி விலைக்குக் காப்புறுதி செய்தவன் மீதிப் பாதிக்குத் தானே காப்புறுதியாளன் என்பதுதான் அந்தப் பந்தியின் பொருள். கார் முழுதாக அழிந்தால்தான் தொகை முக்கியம் என்று நினைத்திருந்தேன். ஒரு பம்பருக்குக்கூட அதே கணக்குத்தான்.

சரி, என்ன செய்யலாம்? உங்கள் மொடல், அதே வருடம், ஐந்தாறு விற்பனை விளம்பரங்களைப் பாருங்கள். தொகை மிகவும் பின்தங்கியிருந்தால் வருடம் முடியும்வரை காத்திருக்க வேண்டாம். இடையிலேயே கூட்டச் சொல்லி எழுதிக் கேளுங்கள், மிச்ச மாதங்களுக்குத்தான் கூடுதல் பிறீமியம் வரும். திருத்திய தாளைக் கையில் வாங்கும்வரை வாய்ச்சொல்லை நம்பாதீர்கள். அதற்காகச் சந்தை விலையையும் தாண்டிப் போட வேண்டாம். முழு அழிவிலும் அன்றைய சந்தை விலைக்கு மேல் தரமாட்டார்கள்.

படி 5: கராஜில்

மதிப்பீட்டாளர் பார்க்கும்வரை எதையும் கழற்ற விடாதீர்கள். எனக்கு வேலை செய்த கல்லடிப் பாஸ் பொனட்டைத் தட்டிப் பார்த்துவிட்டு, "மனே, இது டிங்கரிங்ல சரிவராது, மாத்த வேணும். முதல்ல அவங்கட கையெழுத்த எடு" என்றார். பழைய வாகனத்துக்குப் புதுப் பாகம் போடும்போது தேய்மானம் என்று ஒரு வீதம் கழிப்பார்கள். அது எத்தனை வீதம் என்று வேலை தொடங்கும் முன்பே எழுத்தில் கேளுங்கள். கழற்றிய பாகங்களை கம்பனி கேட்கலாம், எறிந்துவிடாதீர்கள்.

சின்னக் கீறலுக்கு க்ளெய்ம் பண்ணுவதை நான் விரும்புவதில்லை. 15,000 ரூபாய் வேலை, எக்செஸ் 10,000 என்றால் கிடைப்பது 5,000. அதற்காக நோ க்ளெய்ம் போனஸ், அதாவது க்ளெய்ம் பண்ணாத வருடங்களுக்குப் பிறீமியத்தில் தரும் கழிவு, குறைந்தால் அடுத்த வருடப் பிறீமியம் அதை விடக் கூடிவிடும்.

படி 6: தொகை சரியில்லை என்றால்

முதலில் கம்பனிக்கே எழுத்தில் முறையிடுங்கள். பதில் திருப்தி இல்லையென்றால் காப்புறுதி குறைகேள் அதிகாரியும், இலங்கை காப்புறுதி ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவும் இருக்கின்றன. பொலிசி, மதிப்பீட்டு அறிக்கை, கடிதங்கள் எல்லாவற்றின் பிரதியும் வேண்டும்.

பிற்சேர்க்கை 1: லீசிங் வாகனம் வைத்திருக்கும் கல்முனை வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். முழு அழிவு என்றால் காசு முதலில் லீசிங் கம்பனிக்குத்தான் போகும், கடன் தீர்ந்து மிச்சமிருந்தால் உங்களுக்கு. தொகை பின்தங்கியிருந்தால் காரும் இல்லை, கடனும் மிச்சம் என்று ஆகிவிடும். லீசிங்காரர் நான்காவது படியை இன்றைக்கே பாருங்கள்.

பிற்சேர்க்கை 2: வெள்ளத்தில் நின்ற காரை ஸ்டார்ட் பண்ணலாமா என்று பலர் கேட்கிறார்கள். பண்ணாதீர்கள். தண்ணீர் புகுந்த எஞ்சினை ஸ்டார்ட் பண்ணினால் உள்ளே பிஸ்டனோடு சேர்ந்த தண்டுகள் வளைந்துவிடலாம். அப்படி வந்த சேதம் நீங்களே உண்டாக்கியது என்று கம்பனி மறுக்க இடமிருக்கிறது, வெள்ளக் காப்பு இருந்தாலும்கூட. பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, தண்ணீர் நின்ற மட்டம் தெரிய வீடியோ எடுத்து, இழுத்துச் செல்ல ஆள் கூப்பிடுங்கள்.