நாலு நோ டிரம்ப் கேட்கும் முன்: பிரிட்ஜ் ஸ்லாம் ஏலத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்லாம் ஏலம், அதாவது பதின்மூன்று ட்ரிக்கில் (சுற்றில்) பன்னிரண்டையோ பதின்மூன்றையோ எடுப்பதாகக் கேட்கும் ஏலம், கெட்டுப்போவதற்குச் சீட்டைக் குறை சொல்லிப் பயனில்லை. பெரும்பாலும் 4 நோ டிரம்ப்தான் (நோ டிரம்ப் என்றால் துருப்பு இல்லாத ஆட்டம்; இந்த 4 மட்டும் பார்ட்னரிடம் எத்தனை ஏஸ் என்று கேட்கும் பிட்) காரணம். கோயம்புத்தூர், திருப்பூர், பொள்ளாச்சிப் பக்கம் எந்த கிளப் மேஜையில் உட்கார்ந்தாலும் இதைப் பார்க்கலாம். கை கொஞ்சம் கனமாக வந்து, துருப்பு எதுவென்று பேசி முடிந்ததும் அந்த அட்டை மேஜைக்கு வந்துவிடும். ஏஸ் எத்தனை என்று தெரிந்தால் போதும், மற்றதெல்லாம் தானாக அமைந்துவிடும் என்று ஒரு நினைப்பு.

ஈஸ்லி பிளாக்வுட் இந்த முறையை உருவாக்கியது 1933-ல். பன்னிரண்டு ட்ரிக் வரும் என்று ஏற்கெனவே கணக்குப் போட்டு முடித்தவர், எதிராளி கையில் இரண்டு ஏஸ் இல்லை என்று உறுதி செய்துகொள்ளக் கேட்கும் கேள்வி அது. பன்னிரண்டு வருமா என்பதற்கு அதில் பதில் கிடைக்காது. கிடைக்காத பதிலை அதில் தேடும்போதுதான் விபரீதம்.

ஒரு கையை வைத்துப் பார்ப்போம். நீங்கள் எடுத்த சீட்டு: ஸ்பேடில் ஏஸ், குயின், ஜாக், 8, 4. ஹார்ட்டில் கிங், குயின், ஜாக், 3. டைமண்டில் 7, 5. கிளப்பில் ஏஸ், கிங். ஏஸுக்கு 4, கிங்குக்கு 3, குயினுக்கு 2, ஜாக்குக்கு 1 என்று எண்ணினால் இருபது பாயின்ட். 1 ஸ்பேட் என்று தொடங்குகிறீர்கள் (சொல்லும் எண்ணோடு ஆறைக் கூட்டினால் எடுக்க வேண்டிய ட்ரிக்), பார்ட்னர் 3 ஸ்பேட் சொல்கிறார்: நாலு துருப்பு, பத்திலிருந்து பன்னிரண்டு பாயின்ட். கை பரபரக்கிறது, 4 நோ டிரம்ப். ஒரு ஏஸ் என்று பதில் வருகிறது. மொத்தம் மூன்று ஏஸ், வெளியே ஒன்றுதான், 6 ஸ்பேட். பார்ட்னர் டம்மியை (மேஜையில் திறந்து வைக்கும் தன் சீட்டை) விரிக்கிறார்: ஸ்பேடில் கிங், 10, 6, 2. ஹார்ட்டில் ஏஸ், 5. டைமண்டில் குயின், 8, 4. கிளப்பில் குயின், 10, 7, 3. எதிராளி டைமண்ட் ஏஸ், கிங் இரண்டையும் அடித்துவிட்டுச் சிரிக்கிறார். மீதி பதினொன்றும் உங்களுடையது, அதனால் என்ன பிரயோஜனம்?

இப்போது பார்ட்னர் கையை மட்டும் மாற்றுவோம். ஸ்பேடில் அதே கிங், 10, 6, 2. ஹார்ட்டில் ஏஸ், 5, 2. டைமண்டில் ஒற்றை 4. கிளப்பில் குயின், 10, 8, 7, 3. இது ஒன்பது பாயின்ட்தான், முன்னதைவிட இரண்டு குறைவு. ஆனால் டைமண்டில் ஒரு ட்ரிக் போகும், அடுத்ததை டம்மியில் துருப்பு போட்டு வெட்டலாம். பன்னிரண்டு கண்ணுக்கு முன்னால் நிற்கிறது. 31 பாயின்டில் ஸ்லாம் இல்லை, 29 பாயின்டில் இருக்கிறது. இரண்டு கையிலும் ஒரே ஒரு ஏஸ் என்பதால் 4 நோ டிரம்புக்கு ஒரே பதில்தான் வரும். அந்தக் கேள்வியால் இந்த இரண்டையும் பிரித்தே பார்க்க முடியாது.

பிரித்துக் காட்டுவது க்யூ பிட், அதாவது ஏஸ், கிங், ஒற்றைச் சீட்டு போன்ற பிடிமானம் உள்ள சூட்டைச் சொல்லிக் காட்டும் பிட். 3 ஸ்பேடுக்குப் பிறகு நீங்கள் 4 கிளப் சொல்லுங்கள். கிளப்பில் எனக்குப் பிடிமானம் இருக்கிறது, ஸ்லாம் பற்றி யோசிக்கிறேன் என்பது அதன் பொருள். முதல் கைக்காரரிடம் டைமண்டில் ஏஸும் இல்லை, கிங்கும் இல்லை, ஒற்றைச் சீட்டும் இல்லை. அதனால் டைமண்டைத் தாண்டி 4 ஹார்ட் சொல்வார். அந்தத் தாண்டல்தான் செய்தி. உங்களுக்கும் டைமண்டில் இரண்டு சின்னச் சீட்டு, சரி, 4 ஸ்பேட், முடிந்தது. இரண்டாவது கைக்காரர் 4 டைமண்ட் சொல்லியிருப்பார். ஸ்பிளின்டர் ஆடுகிற ஜோடி என்றால் 3 ஸ்பேட் சொல்லவே வேண்டாம், முதல் பதிலிலேயே 4 டைமண்டுக்குத் தாவி ஒற்றைச் சீட்டைக் காட்டிவிடலாம். எந்த சூட்டிலாவது இரண்டு சின்னச் சீட்டை வைத்துக்கொண்டு பிளாக்வுட் கேட்காதீர்கள். ஒரே ஒரு விதிதான் மனசில் நிற்கும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

க்யூ பிட்டைப் பற்றி ஒரு வருத்தம் உண்டு. பலர் அதை ‘எனக்கு எக்ஸ்ட்ரா இருந்தால்தான் சொல்வேன்’ என்று பதுக்கி வைக்கிறார்கள். கேமுக்கு (இங்கே 4 ஸ்பேடுக்கு) கீழேயே சொல்ல முடிகிற க்யூவுக்கு விலை கிடையாது. பார்ட்னர் கேட்கும்போது இருப்பதைக் காட்டிவிட வேண்டியதுதான். மேலே போவதா வேண்டாமா என்பது அப்புறம்.

கையில் ஒரு சூட்டே இல்லாமல், அதாவது வாய்ட் வைத்துக்கொண்டு ஏஸ் கேட்பதும் இதே ரகம்தான். பார்ட்னர் ஒரு ஏஸ் என்கிறார். அது உங்கள் வாய்ட் சூட்டில் இருந்தால் அதனால் பெரிய உதவி இல்லை. எந்த ஏஸ் என்று பதிலில் வராது. இங்கேயும் க்யூ பிட்தான்.

கிளப் துருப்பாக இருக்கும்போது இன்னொரு பள்ளம். உங்களிடம் ஒரே ஏஸ், பார்ட்னரிடம் குறைந்தது இரண்டு இருந்தால்தான் ஆறு கூடும். 4 நோ டிரம்ப் கேட்கிறீர்கள், ஒன்று என்று சொல்ல அவர் 5 டைமண்ட் போடுகிறார். 5 கிளப் தாண்டிப் போய்விட்டது, இனி கூடாத ஆறுக்குப் போவதைத் தவிர வழியில்லாத நிலை. கேட்பதற்கு முன்பே, எந்தப் பதில் வந்தால் மாட்டிக்கொள்வோம் என்று பார்க்க வேண்டும். அப்படி ஒரு பதில் இருந்தால் கேட்கவே கூடாது. கிளப், டைமண்ட் துருப்புக்கு 4-ம் மட்டத்திலேயே ஏஸ் கேட்கும் முறைகள் உண்டு. அவற்றைப் பார்ட்னரோடு முன்கூட்டியே பேசியிருந்தால் நல்லது.

பேசுவது என்றதும் கீகார்ட் ஞாபகம் வருகிறது. இப்போது பெரும்பாலானவர்கள் நாலு ஏஸோடு துருப்பு கிங்கையும் சேர்த்து ஐந்து கீகார்டாக எண்ணுகிறார்கள். நல்ல முறை, சந்தேகமில்லை. ஆனால் சிலர் 5 கிளப்புக்கு ஒன்று அல்லது நான்கு என்று ஆடுகிறார்கள், சிலர் பூஜ்யம் அல்லது மூன்று என்று ஆடுகிறார்கள். 5 டைமண்டும் அதற்கேற்ப மாறும். வாரநாளில் இணையத்தில் ஒருவரோடு, ஞாயிற்றுக்கிழமை கிளப்பில் இன்னொருவரோடு என்று ஆடினால் இப்படித்தான் முடியும்:

“ஏனுங்க, அஞ்சு டைமண்டுன்னா மூணு கீகார்டுங்களே?”

“அது உங்க ஞாயித்துக்கிழமை பார்ட்னருக்குங்க. நமக்குள்ள ஒண்ணுன்னுதானுங்க பேசினோம்.”

துருப்பு எது என்று வெளிப்படையாக ஒத்துக்கொள்ளாமல் 4 நோ டிரம்ப் கேட்டால் எந்த கிங்கை எண்ணுவது என்ற சண்டை வேறு. கடைசியாகச் சொன்ன சூட்டா, முதலில் உயர்த்திய சூட்டா? ஆட்டம் தொடங்கும் முன் டீ வரும் நேரத்தில் இரண்டு நிமிடம் பேசினால் தீர்ந்துவிடும் விஷயம்.

பார்ட்னர் 1 நோ டிரம்ப் தொடங்கி, நீங்கள் நேராக 4 நோ டிரம்ப் சொன்னால் அது ஏஸ் கேள்வியே இல்லை. ‘உங்களிடம் அதிகபட்சம் இருந்தால் ஆறு போங்கள், இல்லையென்றால் பாஸ்’ என்ற அழைப்பு. ஏஸ் கேட்க வேண்டுமென்றால் அங்கே 4 கிளப், கெர்பர் என்ற முறை.

அடுத்தது 33 கணக்கு. மொத்தம் 40 பாயின்டில் 33 சேர்ந்தால் 6 நோ டிரம்ப் என்பது எல்லோருக்கும் மனப்பாடம். அதில் தப்பில்லை, ஆனால் அதோடு நிறுத்திக்கொள்வதால்தான் நல்ல ஸ்லாமை விட்டு மட்டமான ஸ்லாமில் உட்காருகிறோம். பாருங்கள்: ஒருவரிடம் ஸ்பேடில் ஏஸ், கிங், 5. ஹார்ட்டில் கிங், குயின், 8, 4. டைமண்டில் ஏஸ், 9, 6, 3. கிளப்பில் 7, 2. மற்றவரிடம் ஸ்பேடில் குயின், 7, 3. ஹார்ட்டில் ஏஸ், ஜாக், 6, 2. டைமண்டில் கிங், 4. கிளப்பில் ஏஸ், கிங், 8, 5. பதினாறும் பதினேழும் முப்பத்து மூன்று. நோ டிரம்பில் எண்ணினால் ஸ்பேட் மூன்று, ஹார்ட் நான்கு, டைமண்ட் இரண்டு, கிளப் இரண்டு. பதினொன்றோடு நின்றுவிடும். ஹார்ட்டைத் துருப்பாக்குங்கள். மூன்று சுற்றுத் துருப்பு இழுத்து (3-2 ஆகப் பிரிய 68 சதவீத வாய்ப்பு), மிச்சமுள்ள ஒரு துருப்பில் டைமண்டை இந்தப் பக்கம், கிளப்பை அந்தப் பக்கம் வெட்டினால் ஹார்ட் மட்டுமே ஐந்து ட்ரிக். பன்னிரண்டு வந்துவிட்டது.

17 பாயின்டோடு 1 நோ டிரம்புக்கு எதிரே இருப்பவர் ஸ்டேமன் (நாலு சீட்டு ஹார்ட்டோ ஸ்பேடோ உண்டா என்று கேட்கும் 2 கிளப்) கேட்காமல் தாவுவதற்கு ஒரு சாக்கு சொல்வார்: ஜோடிப் போட்டியில் 6 நோ டிரம்புக்குப் பத்துப் பாயின்ட் கூடக் கிடைக்குமே என்று. ஜோடிப் போட்டி என்றால் 2018-ல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் பிரணாப் பர்தனும் ஷிப்நாத் சர்க்காரும் நமக்குத் தங்கம் வாங்கித் தந்த வகை. (சீட்டாட்டமா என்று வீட்டில் முகம் சுளித்தால் இதைச் சொல்லிப் பாருங்கள்.) வல்னரபிள் (போனஸும் அபராதமும் கூடும் நிலை) இல்லாதபோது 6 ஹார்ட்டுக்கு 980, 6 நோ டிரம்புக்கு 990. உண்மைதான். ஆனால் கூடாத ஸ்லாமுக்கு 990 யாரும் தருவதில்லை. இரண்டிலும் பன்னிரண்டு நிச்சயம் என்றால் மட்டும் நோ டிரம்ப்.

ஏலத்தின் வேகமும் பேசும். நம் பக்கத்து மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவது போலப் பார்ட்னர்கள் பேசிக்கொள்ளப் பிரிட்ஜில் இடமில்லை. எந்த பிட்டுக்கு என்ன பொருள் என்று எதிராளிக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஒரு நிமிடம் தாடையைத் தடவிவிட்டு 4 ஸ்பேட் போடுவதும், ‘சந்தேகத்தில் இருக்கிறார்’ என்று புரிந்துகொண்டு எதிரே இருப்பவர் மேலே போவதும் அனுமதி இல்லாத தகவலில் சேரும். எதிராளி டைரக்டரைக் கூப்பிட்டால் ஸ்கோரை மாற்ற அவருக்கு அதிகாரம் உண்டு. யோசிக்க வேண்டியதை முதல் சுற்றிலேயே யோசித்துவிட்டால் கடைசி பிட்டில் தடுமாற வேண்டியதில்லை.

கிராண்ட் ஸ்லாம், அதாவது பதின்மூன்றையும் எடுக்கும் ஆசையைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. சின்ன ஸ்லாமுக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு போதும், ஒரு ஃபினெஸை (எதிராளியின் பெரிய சீட்டு நமக்கு வசதியான பக்கம் இருக்கும் என்று ஆடுவதை) நம்பிக்கூடப் போகலாம். ஏழுக்கு அது போதாது. டீம் போட்டியில், வல்னரபிள் இல்லாமல், எதிர் மேஜையில் 6 ஸ்பேடில் இருக்கிறார்கள் என்றால், 7 கூடினால் 11 இம்ப் (டீம் போட்டியின் ஸ்கோர் அலகு) வரும், ஒன்று குறைந்தால் 14 இம்ப் போகும். அதற்கே 56 சதவீதம் வேண்டும். ஆனால் கிளப் ஆட்டத்தில் எதிர் மேஜைக்காரர்கள் 4 ஸ்பேடிலேயே படுத்துவிடுவதுதான் அடிக்கடி நடக்கிறது. அப்போது 6 போட்டாலே உங்களுக்கு 11 இம்ப். 7 போட்டுக் கூடினால் 14, அதாவது மூன்றுதான் கூடுதல். 7 போட்டு ஒன்று குறைந்தால் மைனஸ் 11, ஆகமொத்தம் 22 இம்ப் கைவிட்டுப் போகிறது. பதின்மூன்றையும் விரல் விட்டு எண்ண முடிந்தால் ஏழு போடுங்கள். பன்னிரண்டும் ஒரு ஃபினெஸும் என்றால் ஆறோடு நில்லுங்கள்.