காட்சிக்கு வைத்த கனரக இயந்திரத் துப்பாக்கியைப் பார்த்துப் புரிந்துகொள்வது எப்படி

போர் அருங்காட்சியகத்துக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் இயந்திரத் துப்பாக்கியின் குழல்வாய்க்கு நேரே நின்று பார்த்துவிட்டு அடுத்த கூடத்துக்கு நகர்ந்துவிடுகிறார்கள். பெயர், ஆண்டு, குழல் விட்டம் ஆகிய மூன்றைத் தவிர விளக்கப் பலகையிலும் பெரிதாக ஒன்றும் இருப்பதில்லை. ஆனால் இந்த ஆயுதத்தின் கதை முழுவதும் அதன் உடலிலேயே இருக்கிறது. அதைப் படிக்கக் குழல்வாயில் தொடங்காமல், துப்பாக்கியைத் தாங்கி நிற்கும் தளத்தில் தொடங்க வேண்டும்.

அதற்கு முன் ‘கனரக’ என்ற சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது, ஏனெனில் பலரும் தடுமாறும் இடம் இதுதான். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் படையின் விக்கர்ஸ், ஜெர்மானியரின் எம்ஜி 08 ஆகியவை கனரகத் துப்பாக்கிகள் எனப்பட்டன. எனினும் அவை சுட்டது காலாட்படை வீரனின் சாதாரணத் துப்பாக்கிக்குரிய அதே தோட்டாவைத்தான். விக்கர்ஸில் அதன் விட்டம் 7.7 மில்லிமீட்டர், குண்டின் எடை ஏறக்குறைய 11 கிராம். தண்ணீர், முக்காலி, தோட்டாப் பெட்டிகள் எல்லாவற்றையும் சுமக்க ஒரு குழுவே வேண்டியிருந்ததால்தான் அவற்றுக்கு அந்தப் பெயர். பிற்காலத்தில் அச்சொல் குழல் விட்டத்தைக் குறிப்பதாக மாறியது. இன்று 12.7 மில்லிமீட்டரும் அதற்கு மேற்பட்டவையுமே கனரகம். இலங்கைப் போர்க்காலச் செய்திகளில் ‘50 கலிபர்’ என்று படித்த நினைவு இருப்பவர்களுக்கு இந்த அளவு புதிதல்ல. அரை அங்குலம் என்பதே அதன் பொருள்.

இனித் தளத்தைப் பாருங்கள். எம்ஜி 08 பனிச்சறுக்கு வண்டி போன்ற இரும்புச் சட்டத்தில் இருக்கும். ரஷ்யரின் 1910 மாதிரி மாக்சிம் இரண்டு சிறு சக்கரங்களின்மேல் நிற்கும். அமெரிக்காவின் எம்2 பிரவுனிங்குக்கு முன்னால் ஒரு காலும் பின்னால் இரண்டு கால்களும் கொண்ட முக்காலி. அந்தப் பின்கால்கள் இரண்டையும் இணைக்கும் குறுக்குக் கம்பியை அருகில் போய்ப் பார்த்தால், அளவுகோலைப் போல அதில் கோடுகள் வெட்டப்பட்டிருப்பது தெரியும். அதன்மேல் நகரும் திருகுச் சக்கரத்தை ஒரு கோட்டில் நிறுத்திவிட்டால், இருட்டிலும் புகையிலும்கூடப் பகலில் குறித்து வைத்த அதே இடத்தைச் சுட முடியும். இந்தத் துப்பாக்கி கண்ணால் குறிபார்ப்பதற்கு மட்டும் உருவானதல்ல, ஒரு நிலப்பரப்பைக் கணக்கிட்டுத் தன் ஆளுகையில் வைத்திருக்க உருவானது என்பதற்கு இந்தக் கோடுகளைவிடச் சிறந்த சான்று வேறில்லை. எம்2வின் உடல் மட்டும் ஏறக்குறைய 38 கிலோ, முக்காலி 20 கிலோ.

அடுத்துக் குழலுக்கு வாருங்கள். இங்கே தேட வேண்டியது வெப்பத்துக்கான ஏற்பாடு. ஹைரம் மாக்சிம் 1884இல் உருவாக்கிய துப்பாக்கி, பின்னுதைப்பின் விசையைக் கொண்டே அடுத்த தோட்டாவைத் தானாக ஏற்றிக்கொண்டது. மனிதன் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருக்க வேண்டிய தேவை ஒழிந்தது. மாறாக, நிற்காமல் சுட்டதில் குழல் பழுக்கக் காய்ந்தது. ஆகவே குழலைச் சுற்றித் தண்ணீர் உறை பொருத்தினார்கள். விக்கர்ஸின் உறை சுமார் 4 லிட்டர் பிடிக்கும். அதன் முன்முனைக்கு அருகிலிருந்து ஒரு குழாய் இறங்கித் தரையிலுள்ள தகரக் குவளைக்குப் போவதைக் கவனியுங்கள். கொதித்தெழும் நீராவி அதில் குளிர்ந்து மீண்டும் தண்ணீராகும். தண்ணீர் மிச்சமாவதோடு, வெண்ணிற ஆவி மேலெழுந்து துப்பாக்கி இருக்கும் இடத்தை எதிரிக்குக் காட்டிக்கொடுப்பதும் தவிர்க்கப்பட்டது. இரண்டாம் உலகப் போர்க்காலச் சோவியத் மாக்சிம் ஒன்று உங்கள் முன் இருந்தால், உறையின் மேல் அகலமான மூடி இருக்கிறதா என்று பாருங்கள். தண்ணீர் உறைந்துபோகும் குளிர்காலத்தில் பனிக்கட்டியை அள்ளிப் போட அமைத்த வாய் அது. நான் பார்த்த வரையில் இந்த மூடியின் காரணத்தைச் சொல்லும் விளக்கப் பலகைகள் மிகக் குறைவு.

தண்ணீர் உறை இல்லையென்றால், வெப்பத்தைக் குழலே தாங்க வேண்டும். முதல் உலகப் போரின் கடைசிக் கட்டத்தில், கவசங்களைத் துளைக்கும் பெரிய துப்பாக்கி வேண்டும் என்று அமெரிக்கத் தளபதி பெர்ஷிங் கேட்டதன் பேரில் ஜான் பிரவுனிங் தொடங்கிய வேலையும் முதலில் தண்ணீரால் குளிரும் 1921 மாதிரியாகவே வெளிவந்தது. பிரவுனிங் 1926இல் இறந்த பிறகு பொறியாளர் கிரீன் அதன் உடலை மாற்றியமைக்க, 1933இல் எம்2 என்ற பெயர் வந்தது. இன்று நாம் அதிகம் காணும் வகையில் தடித்த, வழுவழுப்பான குழலும் அதன் அடிப்பகுதியில் மட்டும் துளைகளிட்ட குட்டையான உறையும் இருக்கும். சோவியத்தின் 12.7 மில்லிமீட்டர் துப்பாக்கியான டிஎஸ்எச்கே என்றால், குழலில் அடுக்கடுக்காக வளையங்கள் கடைந்திருக்கும். காற்றுப் படும் பரப்பைக் கூட்டி வெப்பத்தை வெளியேற்றும் வழி அது.

குழலுக்குக் கீழே இன்னொரு மெல்லிய குழாய் ஓடுகிறதா என்று குனிந்து பாருங்கள். ஓடினால் அது வெடிப்பு வாயுவால் இயங்குவது. டிஎஸ்எச்கே அந்த வகை. எம்2வில் அந்தக் குழாய் கிடையாது. அதில் குழலும், குழலின் பின்வாயை அடைத்து நிற்கும் போல்ட் என்ற நகரும் உலோகத் துண்டும் பூட்டிய நிலையில் சிறிது தூரம் சேர்ந்தே பின்னால் வருகின்றன, பிறகு பூட்டு விலகக் குழல் நின்றுவிடுகிறது, போல்ட் மட்டும் தொடர்ந்து பின்வாங்கிக் காலிக் கூட்டை வெளியே தள்ளுகிறது. குழலை மாற்றும்போதெல்லாம் குழலுக்கும் போல்ட்டுக்கும் இடையிலுள்ள இடைவெளியை அளவுத் தகட்டால் சரிபார்க்க வேண்டியிருந்ததே இந்த அமைப்பின் பெருங்குறை. தவறினால் தோட்டாக் கூடு உள்ளேயே கிழிந்து, துப்பாக்கியோடு வீரனும் காயப்படுவான். எம்2வின் பிற்கால வடிவமான எம்2ஏ1இல்தான் அந்தத் தொல்லை தீர்ந்தது.

தோட்டா நுழையும் பக்கத்தையும் விட்டுவிடாதீர்கள். விக்கர்ஸுக்கு 250 தோட்டாக்கள் செருகிய துணிப்பட்டை. எம்2வுக்கு, சுடச்சுடத் தனித்தனியாகக் கழன்று விழும் உலோக இணைப்புகள். அதன் பட்டையை இடமிருந்தும் வலமிருந்தும் ஏற்றலாம் என்பது சிறு விஷயமாகத் தோன்றினாலும், விமானத்தின் இரண்டு இறக்கைகளிலும் ஒரே வகைத் துப்பாக்கியைப் பொருத்த முடிந்தது அதனால்தான். தண்டர்போல்ட் போர் விமானத்தில் எட்டும், மஸ்டாங்கின் பிற்கால வகையில் ஆறும் இருந்தன. டிஎஸ்எச்கேயில் மேல்மூடி உருண்டு புடைத்திருந்தால் அது வடிவமைப்பாளர் ஷ்பாகினின் சுழல் உருளை ஊட்டி (தோட்டாவை உள்ளே செலுத்தும் அமைப்பு) கொண்ட 1938 மாதிரி. தட்டையாக இருந்தால் 1946இல் திருத்திய வகை.

பின்னால் வந்தால், பெரும்பாலானவற்றில் தோளில் சாய்க்கும் கட்டை எதுவும் இருக்காது. இரண்டு கைகளுக்கும் மண்வெட்டிப் பிடி போன்ற இரு பிடிகள், நடுவில் கட்டைவிரலால் அழுத்தும் விசை, அவ்வளவுதான். எம்2வில் ஒற்றைத் தோட்டாவாகவும் சுடலாம். 1967இல் வியட்நாமில் அமெரிக்கக் குறிசுடும் வீரர் கார்லோஸ் ஹாத்காக் அதன்மேல் தொலைநோக்கி பொருத்தி, ஏறத்தாழ 2,286 மீட்டர் தொலைவிலிருந்த இலக்கை வீழ்த்தினார். மிகத் தொலைவிலிருந்து குறிபார்த்துச் சுட்ட அந்தச் சாதனை 2002 வரை நின்றது.

நம் ஊர்களில் இவற்றைக் காணும் வாய்ப்பு பெரும்பாலும் மேடையில் ஏற்றி வைத்த டாங்கிகளில்தான். 1965 இந்திய-பாகிஸ்தான் போரில் பஞ்சாபின் கேம்கரண் அருகே அசல் உத்தர் சண்டையில் பிடிபட்ட பாகிஸ்தானின் பாட்டன் டாங்கிகள் எம்2வைச் சுமந்தவை. டி-72 டாங்கியின் மேலிருப்பது சோவியத் வடிவமைப்பான என்எஸ்வி துப்பாக்கி. அது திருச்சியிலுள்ள படைக்கலத் தொழிற்சாலையிலும் தயாரானது. டிஎஸ்எச்கேயைவிட எடை குறைவு, குழலில் வளையங்கள் இருக்காது. ஆனால் பல இடங்களில் துப்பாக்கியைக் கழற்றிவிட்டே டாங்கியைக் காட்சிக்கு வைக்கிறார்கள். அப்போது கோபுரத்தின் மேலுள்ள வெற்றுத் தாங்கியைப் பாருங்கள். அதன் வடிவத்தையும் தோட்டாப் பெட்டி அமர்ந்த சட்டம் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதையும் கொண்டே, அங்கே எந்தத் துப்பாக்கி இருந்திருக்கும் என்று ஓரளவு ஊகித்துவிடலாம்.